வீட்டுடைமையும் தொழிலாளி வர்க்கமும்
- ஏங்கெல்சின் 'குடியிருப்புப் பிரச்சினை' பற்றிய ஒரு மதிப்பீடு

தொழிலாளிக்குச் சொந்த வீடு கிடைத்துவிட்டால் அவன் விடுதலை பெற்றுவிடுவானா? 1872 - 73 ஆம் ஆண்டுகளில் ஏங்கெல்ஸ் எழுதிய 'குடியிருப்புப் பிரச்சினை' இவ்வினாவையே ஆராய்கின்றது. வாடகையைத் தவணைப் பணமாக மாற்றிக் குடியிருப்போரை உடைமையாளராக்கலாம் என்பது புரூதோன் வழிவந்தோரின் தீர்வு. ஏங்கெல்ஸ் இதனை மறுத்தார். ஜேர்மனியக் கிராமங்களிற் குடிசைக் கைத்தொழில் புரிந்தோர்க்கு வீடும் தோட்டமும் இருந்தன. தோட்டம் தந்த உணவின் பெறுமதியை முதலாளி கூலியிற் குறைத்துக்கொண்டான். வீட்டை விட்டுப் பெயர முடியாத தொழிலாளி அக்கூலிக்கு இணங்கினான். உடைமையே தளையாயிற்று.

இக்கருத்தை உரைத்துப் பார்க்கப் பிரித்தானியா தக்க களமாகும். அங்கு 'உடைமையாளர் சனநாயகம்' என்னும் தொடரை 1923இல் முன்வைத்தவர் நோயல் ஸ்கெல்ரன் என்னும் பழைமைவாதக் கட்சியினர். உடைமை பெற்றவன் நிலவும் அமைப்பைக் கவிழ்க்க விரும்பான் என்பதே அதன் உட்கிடை. தட்சர் அரசின் 1980ஆம் ஆண்டு வீடமைப்புச் சட்டம், உள்ளூராட்சி மன்ற வீடுகளில் மூன்றாண்டு குடியிருந்தோர் அவற்றை 33 முதல் 50 வரையான சதவீதக் கழிவுடன் வாங்க வழிசெய்தது. பத்தாண்டுகளிற் பத்து இலட்சத்துக்கும் மேற்பட்ட வீடுகள் கைமாறின. 1989இல் வட்டிவீதம் 15 சதவீதத்தை எட்டியது. 1991இல் மட்டும் பிரித்தானியாவில் 75,000க்கும் மேற்பட்ட வீடுகளைக் கடன் நிறுவனங்கள் மீளக் கையகப்படுத்தின. ஏங்கெல்ஸ் கண்ட தளை இங்குக் கடன் வடிவில் தோன்றியது எனலாம்.

ஆயினும் அவர் காணாத ஒன்றும் உண்டு. வீட்டின் விலையேற்றம் உடைமை பெற்ற தொழிலாளியின் முதுமைக்காலச் சேமிப்பாயிற்று. அதே விலையேற்றம் வீடற்ற தொழிலாளியை மேலும் வாடகைக்குள் தள்ளியது. ஒரே வர்க்கத்தினுள் இரு நலன்கள் உருவாகின. விற்பனைப் பணத்தைக் கொண்டு புதிய வீடுகள் கட்ட மன்றங்களுக்குத் தடைகள் விதிக்கப்பட்டன. விற்ற வீடுகள் பல நாளடைவில் தனியார் வாடகைக்காரரின் கைக்குப் போயின. இவ்விற்பனையை ஸ்கொத்லாந்து 2016இலும் வேல்ஸ் 2019இலும் நிறுத்தின.

சொந்த வீட்டு ஆசையைக் குட்டிபூர்சுவா மயக்கம் என ஒதுக்குவது எளிது. வெளியேற்றப்படுவோமோ என்ற அச்சமின்றி வாழ விரும்புவது மயக்கமன்று. முதலாளித்துவம் ஒழிந்தாலன்றித் தீர்வில்லை என்ற ஏங்கெல்ஸ், அதுவரை குடியிருப்போர் பெறக்கூடிய பாதுகாப்பைப் பற்றி அதிகம் கூறவில்லை. அந்த இடைவெளியிலேயே தட்சரின் சட்டம் புகுந்தது. குறைந்த வாடகையும் நிலைத்த குடியிருப்புரிமையும் கொண்ட பொதுவுடைமை வீட்டை முன்வைக்காத விமர்சனம், அவ்வாசையை எதிரணியிடமே ஒப்படைத்துவிடும்.