கவிதை முடிந்த பிறகும் இருக்கிற ஊர்

ஹென்றி வாட்ஸ்வொர்த் லாங்ஃபெல்லோவின் ‘எவாஞ்சலின்’ 1847-ல் வெளிவந்தது. நாடு கடத்தப்பட்ட அகாடியர்கள் என்ற பிரெஞ்சு பேசும் விவசாய மக்களைப் பற்றிய நெடுங்கவிதை அது. வெளிவந்த நாளிலிருந்தே விற்றுத் தீர்ந்து, அமெரிக்கப் பள்ளிக்கூடங்களில் தலைமுறை தலைமுறையாக மனப்பாடம் செய்யப்பட்டது. அது வருவதற்கு ஐந்து வருடம் முன்பு, 1842 ஆகஸ்டில், அமெரிக்காவின் டேனியல் வெப்ஸ்டரும் பிரிட்டனின் ஆஷ்பர்ட்டன் பிரபுவும் ஓர் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார்கள். அதன்படி செயின்ட் ஜான் ஆற்றின் ஒரு பகுதி இரு நாடுகளின் எல்லையானது. அந்த ஆற்றின் இரண்டு கரையிலும் வாழ்ந்துகொண்டிருந்தவர்கள் அதே அகாடியர்களின் வழிவந்தவர்கள். தென்கரை லாங்ஃபெல்லோவின் சொந்த மாநிலமான மெய்னுக்குப் போனது.

இந்த இரண்டு தேதிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துத்தான் அந்தக் கவிதையை வாசிக்க வேண்டும் என்பது என் தரப்பு. அப்படி வாசித்தால் அதன் அழகு குறையாது. ஆனால் அந்த அழகு எதை மறைத்து நிற்கிறது என்பது தெரியும்.

முதலில் ஊரைப் பார்த்துவிடலாம். மெய்ன் மாநிலத்தின் வடக்கு விளிம்பில் மடவாஸ்கா என்ற சிற்றூர் இருக்கிறது. மக்கள்தொகை நாலாயிரத்துக்குள். எதிர்க்கரையில் கனடாவின் நியூ பிரன்ஸ்விக் மாகாணத்து எட்மண்ட்ஸ்டன். நடுவில் ஆறு, ஆற்றின் மேல் ஒரு பாலம், பாலத்தின் இரண்டு முனையிலும் சுங்கச்சாவடி. இந்த நிலத்தின் ஆதிக்குடிகள் வொலாஸ்டொக்கியிக் மக்கள்; மடவாஸ்கா என்ற பெயரே அவர்கள் மொழியிலிருந்து வந்ததுதான். 1755-ல் தொடங்கிய நாடுகடத்தலில் தப்பியவர்களில் ஒரு பகுதியினர் இதே ஆற்றின் கீழ்ப்பகுதியில் ஒதுங்கியிருந்தார்கள். அமெரிக்கப் புரட்சிக்குப் பின் பிரிட்டிஷ் விசுவாசிகள் அங்கே குடியேற்றப்பட, இவர்கள் மறுபடியும் மூட்டை கட்டி 1785 வாக்கில் ஆற்றின் மேல்நோக்கி வந்து சேர்ந்தார்கள். பிறகு கியூபெக்கிலிருந்தும் குடும்பங்கள் வந்து கலந்தன.

ஆரம்பத்தில் இரண்டு கரைக்கும் சேர்த்து செயின்ட் பசீலில் ஒரே தேவாலயம். ஞானஸ்நானம், கல்யாணம், சாவு எல்லாம் அங்கேதான். 1842-க்குப் பிறகு அந்தத் தேவாலயம் வெளிநாட்டில் இருந்தது. யாரும் எங்கும் போகவில்லை, எல்லைதான் நகர்ந்து வந்தது. மென்பொருள் வேலையில் இருப்பவர்களுக்கு இந்த வகை முடிவு பழக்கமானதாக இருக்கும். களத்தையே பார்க்காத இரண்டு பேர் ஓர் அறையில் உட்கார்ந்து வரைபடத்தில் சுத்தமாக ஒரு கோடு போட்டுவிடுவார்கள். ஆறு என்றால் எல்லைக்கு வசதி, தெளிவாகத் தெரியும். ஆற்றங்கரையில் வாழ்கிறவர்களுக்கோ ஆறு ஊரின் நடுத்தெரு.

இப்போது கவிதைக்கு வருவோம். கதை எளிமையானது. கிராண்ட்-ப்ரே கிராமத்தில் எவாஞ்சலினுக்கும் கொல்லன் மகன் காபிரியேலுக்கும் நிச்சயமாகிறது. அடுத்தடுத்த நாட்களில் ஊர் ஆண்கள் தேவாலயத்தில் அடைக்கப்பட்டு, ஊரே கப்பல்களில் ஏற்றப்படுகிறது. காதலர்கள் பிரிகிறார்கள். அவள் வாழ்நாள் முழுக்க அமெரிக்கா நெடுகத் தேடுகிறாள். கடைசியில், ஃபிலடெல்ஃபியாவில் நோயாளிகளைப் பராமரிக்கும் கன்னியாஸ்திரியாக இருக்கும்போது, சாகக் கிடக்கும் கிழவன் ஒருவனில் அவனைக் கண்டுபிடிக்கிறாள்.

இதில் இன்றைக்கும் என்னை அசைக்கும் இடம் இரண்டாம் பாகத்தில் வருகிறது. லூசியானாவின் சதுப்புநில ஏரி ஒன்றில், தீவுக்கரையில் படகைக் கட்டிவிட்டு எவாஞ்சலினின் கூட்டத்தார் அசந்து தூங்குகிறார்கள். அதே நேரம் தீவின் மறுபக்கம் ஒரு படகு வடக்கு நோக்கிப் போகிறது. அதில் காபிரியேல். நடுவில் மரஞ்செடிகளின் மறைப்பு. யாரும் விழிக்கவில்லை, யாரும் குரல் கொடுக்கவில்லை, படகு போய்விடுகிறது. லாங்ஃபெல்லோ இங்கே புலம்புவதே இல்லை, காட்சியை மட்டும் வைக்கிறார். நூற்றுக்கணக்கான வரிகளுக்கு நீளும் அறுசீர் ஓட்டம் சில இடங்களில் தாலாட்டாகவே மாறிவிடும் ஆபத்து உண்டு. இந்த இடத்தில் அந்தத் தாலாட்டுதான் கவிதையின் பலம். அவர்களோடு சேர்ந்து வாசகனையும் தூங்க வைத்துவிட்டுப் படகை அனுப்பிவிடுகிறார்.

ஆனால் கவனியுங்கள், இந்தப் பிரிவுக்கு யாரும் பொறுப்பில்லை. விதி, தூக்கம், இலைகள். கவிதை முழுக்கவே இந்தப் பொறுப்பின்மை பரவிக் கிடக்கிறது. 1755 செப்டம்பர் 5 அன்று கிராண்ட்-ப்ரே தேவாலயத்தில் நாடுகடத்தல் ஆணையை அறிவித்தவர் ஜான் வின்ஸ்லோ, மசாசூசெட்ஸ்காரர். அவரோடு வந்த படையும் நியூ இங்கிலாந்துப் படைதான். கவிதையிலோ மன்னரின் ஆணை, மன்னரின் கப்பல்கள். மசாசூசெட்ஸின் ஹார்வர்டில் பேராசிரியராக இருந்துகொண்டு எழுதிய லாங்ஃபெல்லோ, தன் ஊர்க்காரர்களின் கையைக் கதையிலிருந்து எடுத்துவிடுகிறார். வேண்டுமென்றே செய்தாரா என்பது எனக்கு முக்கியமில்லை. நியூ இங்கிலாந்து வாசகர் குற்ற உணர்ச்சி இல்லாமல் கண்ணீர் விட அது வழி செய்தது, அவ்வளவுதான்.

அதைவிடப் பெரிய சிக்கல் முடிவில் இருக்கிறது. காதலர்கள் புதைக்கப்பட்ட பிறகு கவிதை அகாடிக்குத் திரும்பிப் பார்க்கிறது. இப்போது அங்கே வேறு மக்கள், வேறு மொழி. கடலோரத்தில் மட்டும் சில அகாடியக் குடியானவர்கள் மிச்சம், அவர்களும் அடுப்பருகே எவாஞ்சலின் கதையைச் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். அதாவது இந்த மக்களுக்கு மிச்சமிருக்கும் வேலை தங்கள் இழப்பை நினைவுகூர்வது. அதே வருடம் அதே மெய்னில், அவர்களில் சில ஆயிரம் பேர் உருளைக்கிழங்கு நட்டுக்கொண்டு, மரம் வெட்டிக்கொண்டு, எதிர்க்கரை அத்தை வீட்டுக்குப் போக இனிமேல் யாரைக் கேட்பது என்று குழம்பிக்கொண்டிருந்தார்கள். செத்தவர்களுக்காக அழுவது சுலபம். பக்கத்து மாவட்டத்தில் உயிரோடு இருப்பவருக்குப் பள்ளிக்கூடம் எந்த மொழியில் என்று கேட்பதுதான் கஷ்டம்.

அந்தக் கேள்விக்கு மெய்ன் 1919-ல் பதில் சொன்னது. பாடமொழி ஆங்கிலம் மட்டுமே என்று சட்டம் வந்தது. பிரெஞ்சு பேசும் கத்தோலிக்கர்களுக்கு எதிராக கு க்ளக்ஸ் க்ளான் அந்த மாநிலத்தில் செல்வாக்கோடு வளர்ந்ததும் அடுத்த சில வருடங்களில்தான். பள்ளி வளாகத்தில் பிரெஞ்சு பேசினால் தண்டனை. இனி பிரெஞ்சு பேச மாட்டேன் என்று பக்கம் பக்கமாக எழுத வைப்பது அதில் ஒரு வகை. அதையும் ஆங்கிலத்தில்தான் எழுத வேண்டும். 1960-களில்தான் அந்தச் சட்டம் போனது. எதிர்க்கரையிலோ, 1969-ல் நியூ பிரன்ஸ்விக் இரண்டு மொழிகளையும் அதிகாரபூர்வமாக்கியது. எட்மண்ட்ஸ்டனில் இன்று பிரெஞ்சுப் பல்கலைக்கழக வளாகமே இருக்கிறது. ஒரே பாட்டியின் பேரப்பிள்ளைகள்தான். ஒரு கரையில் இருப்பவர் பிரெஞ்சில் விண்ணப்பம் நிரப்புகிறார். மறு கரையில் இருப்பவருக்குப் பேச வரும், எழுத வராது.

அகாடியர்கள் ‘எவாஞ்சலினை’ வெறுக்கவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். பாம்ஃபில் லெ மே 1865-ல் அதைப் பிரெஞ்சில் கொண்டுவந்தார். 1887-ல் தொடங்கிய அவர்களின் செய்தித்தாளுக்கே ‘எவாஞ்சலின்’ என்றுதான் பெயர். உலகம் மறந்துபோன ஒரு கூட்டத்துக்கு ஒரு வெளியாள் முகவரி எழுதிக் கொடுத்தார். அவர்கள் அதை எடுத்துப் பயன்படுத்திக்கொண்டார்கள். அது அவர்களின் சாமர்த்தியம். கவிதையின் எல்லையும் அங்கேதான் இருக்கிறது. எவாஞ்சலின் மிகக் குறைவாகவே பேசுகிறாள், பேசும்போது நல்ல நாகரிகமான ஆங்கிலத்தில் பேசுகிறாள்.

அவளைப் பேச வைக்க 1971 வரை ஆனது. அந்தோனின் மயேயின் ‘லா சாகுவின்’ தரை துடைத்துப் பிழைக்கும் ஒரு கிழவியின் தனிமொழிகள். பதினாறாம் நூற்றாண்டு ரபலேயை ஆய்வு செய்து முனைவர் பட்டம் வாங்கிய மயே, அகாடியக் கடற்கரையின் கொச்சைப் பேச்சை அப்படியே மேடையேற்றினார். பாரிஸ்காரருக்குப் பிழையாகப் படும் வினைவடிவங்கள் பல, ரபலே காலத்தில் நல்ல பிரெஞ்சாகவே இருந்தவை என்பது அவருக்குத் தெரியும். மக்கள்தொகைக் கணக்கெடுப்பு பற்றிய தனிமொழியில், ‘நீ எந்த நாட்டினம்?’ என்ற கேள்விக்குக் கிழவி ஒவ்வொரு பெயராக எடுத்துப் பார்த்துக் கீழே போடுகிறாள். எதுவும் பொருந்தவில்லை. அகாடியர் என்று சொன்னால் அது பட்டியலிலேயே இல்லை. கண்ணீரே இல்லாத இடம் இது, சிரித்துக்கொண்டேதான் படிப்போம். படிவத்தில் பெட்டி இல்லாதவர்கள் என்ன ஆவார்கள் என்பது பிறகுதான் உறைக்கும்.

எட்டு வருடம் கழித்து ‘பெலாஜி-லா-ஷாரெத்’துக்காக மயே கோங்கூர் பரிசு வாங்கினார். கனடாவிலிருந்து அதைப் பெற்ற முதல் ஆள். அதில் பெலாஜி ஜார்ஜியாவிலிருந்து மாட்டுவண்டி கட்டிக்கொண்டு தன் கூட்டத்தை ஊருக்குத் திரும்பக் கூட்டிவருகிறாள். எவாஞ்சலின் ஓர் ஆளைத் தேடினாள், பெலாஜி ஒரு ஜனத்தையே இழுத்து வருகிறாள். லாங்ஃபெல்லோவுக்கு இதைவிடச் சரியான மறுமொழி இருக்க முடியாது.

இருந்தும் மயேயின் வண்டி கடற்கரைக்குத்தான் போகிறது. மடவாஸ்காக்காரர்கள் திரும்பிப் போனவர்கள் இல்லை. தள்ளப்பட்டு மேலே ஏறிவந்து, வந்த இடத்தில் மறுபடி ஒரு கோட்டால் வெட்டுப்பட்டவர்கள். இரங்கற்பா, வீடு திரும்பும் காவியம் இரண்டுமே அவர்களுக்குப் பொருந்தாது. தங்கள் கதையைத் தங்கள் பேச்சில் எழுதியிருக்க வேண்டிய தலைமுறைகளுக்குத்தான் தென்கரையில் எழுத்து மறுக்கப்பட்டது. அந்த இலக்கியம் ஏன் மெலிந்திருக்கிறது என்று கேட்கும் விமர்சகர், முதலில் பள்ளிக்கூடச் சட்டத்தைப் படிக்க வேண்டும்.

இத்தனைக்கும் அது காகிதம் செய்கிற ஊர். எட்மண்ட்ஸ்டன் ஆலையில் மரக்கூழ் தயாராகிறது. அது குழாய் வழியாக ஆற்றைத் தாண்டி, நாட்டைத் தாண்டி, மடவாஸ்கா ஆலைக்கு வந்து காகிதமாகிறது. 2020 மார்ச்சில் கொரோனாவுக்காக எல்லையை மூடியபோது, அத்தியாவசியமில்லாத பயணம் என்ற கணக்கில் உறவுக்காரர்களின் போக்குவரத்து நின்றது. வர்த்தகத்துக்குத் தடையில்லை. அமெரிக்கா தன் தரைவழி எல்லையைத் திறக்க 2021 நவம்பர் ஆனது. அந்தத் தீவுக்கரையைப்போல இங்கே தூக்கமோ இலைமறைப்போ இல்லை. எதிர்க்கரை வீட்டு விளக்கு தெரியும், கைகாட்டினால் பதிலுக்குக் கைகாட்டுவார்கள்.

‘எவாஞ்சலினை’ வாசிக்காதீர்கள் என்று நான் சொல்லவில்லை. அந்த ஏரிக் காட்சிக்காகவாவது வாசியுங்கள். கையோடு மயேயின் கணக்கெடுப்புத் தனிமொழியையும் வாசியுங்கள். ஒரு மக்கள் கூட்டத்தைப் பற்றி ‘அவர்கள் இப்போது இல்லை’ என்று அழகாகச் சொல்லும் எந்தப் படைப்பைக் கண்டாலும், அது எழுதப்பட்ட வருடத்தில் அவர்கள் எங்கே இருந்தார்கள் என்று ஒருமுறை தேடிப் பாருங்கள். லாங்ஃபெல்லோ விஷயத்தில் விடை அவர் பிறந்த மாநிலத்துக்குள்ளேயே இருந்தது.