மதிப்பெண் எதற்கு? - ஒரு விளையாட்டு நூலின் பழம்பதிப்பும் புதுப்பதிப்பும்

ஒரு நூல் பல பதிப்புகளைக் காண்பது அந்நூலுக்குப் பெருமை. ஆனால், பதிப்புதோறும் நூலின் உள்ளீடே மாறிவருமாயின், பெயர் ஒன்றாக இருப்பினும் நூல் ஒன்றுதானா என்னும் ஐயம் எழுவது இயல்பு. அத்தகைய ஐயத்துக்கு இடமான நூல் ஒன்றை ஈண்டு ஆராய்வோம். ‘டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ என்னும் விளையாட்டின் விதிநூலே அது. 1974ஆம் ஆண்டில் அமெரிக்காவில் தோன்றிய இவ்வாட்டம், அரை நூற்றாண்டைக் கடந்து இன்றும் ஆடப்பட்டு வருகிறது.

விளையாட்டு விதிகளுக்கும் திறனாய்வா என்று நகைப்போர் உளர். ஆயினும், சிறுவரும் இளைஞரும் மணிக்கணக்கில் விரும்பிப் படிக்கும் நூல் எதுவாயினும், அஃது அவர்களுக்கு எதைக் கற்பிக்கிறது என்று பார்ப்பது ஆசிரியர் கடமை. பழம்பதிப்பே உயர்ந்தது என ஒரு சாராரும், புதுப்பதிப்பே உயர்ந்தது என மற்றொரு சாராரும் வாதிட்டு வருகின்றனர். இரு சாராரும் பெரும்பாலும் தத்தம் இளமை நினைவையே சான்றாகக் காட்டுகின்றனர். நினைவு சான்றாகாது. நூலைத் திறந்து பார்ப்பதே முறை.

ஆட்டத்தின் இயல்பு

அறியாதார்க்குச் சுருக்கமாகச் சொல்வோம். ஒரு மேசையைச் சுற்றி நால்வர் ஐவர் அமர்வர். அவருள் ஒருவர் நடுவர். ஏனையோர் ஒவ்வொருவரும் வீரன், மந்திரவாதி, சமயகுரு என்றாற்போல ஒரு பாத்திரத்தை ஏற்பர். “நீங்கள் இருண்ட நிலவறை ஒன்றில் நிற்கிறீர்கள். எதிரே மரக்கதவு. அப்பால் ஏதோ முனகல் ஒலி. என்ன செய்கிறீர்கள்?” என்று நடுவர் வினவுவார். ஆடுவோர் தம் செயலை வாயால் சொல்வர். வெற்றி தோல்வி ஐயமாக இருக்குமிடத்துப் பகடை உருட்டப்படும். கட்டம் வரைந்த பலகை கட்டாயமன்று. ஆட்டம் நிகழுமிடம் ஆடுவோர் கற்பனையே. ‘என்ன செய்கிறீர்கள்?’ என்னும் அவ்வொரு வினாவே இதன் உயிர்நாடி என்பதை நேயர்கள் மனத்திற் கொள்க.

பதிப்புகளின் வரலாறு

கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னெசன் ஆகிய இருவர் யாத்த முதல் நூல், விஸ்கான்சின் மாநிலத்து லேக் ஜெனீவா என்னும் சிற்றூரிலிருந்து, மூன்று சிறு சுவடிகளாக ஒரு பெட்டியில் வெளிவந்தது. முதல் அச்சு 1000 படிகள். பொம்மை வீரர்களை வைத்துப் போர் ஆடிப் பழகியவர்க்கென எழுதப்பட்டமையால், புதியவர்க்கு அச்சுவடிகள் எளிதில் விளங்கவில்லை. நரம்பியல் மருத்துவப் பேராசிரியரான எரிக் ஹோம்ஸ் என்பார் அவற்றைத் தெளிவுபடுத்தி 1977இல் தொடக்க நூலாக்கினார். டாம் மோல்ட்வே அதனை 1981இல் மீண்டும் திருத்தி, 64 பக்கங்களில் அடக்கினார். பிராங்க் மென்ட்சர் 1983இல் அமைத்த பதிப்போ, படிப்பவனையே வீரனாக்கி ஒரு கதைக்குள் நடத்திச் சென்று, கதையினூடே விதிகளை ஒவ்வொன்றாகக் கற்பித்தது. எளியதிலிருந்து அரியதற்குச் செல்க என்று பயிற்சிக் கல்லூரியில் நாம் கற்ற நெறிக்கு அது நல்ல எடுத்துக்காட்டு.

இதனோடு, விரிந்த விதிகள் கொண்ட மேல்நிலைப் பதிப்பு ஒன்றும் 1977 முதல் 1979 வரை மூன்று பெருநூல்களாக வந்தது. அதன் இரண்டாம் பதிப்பு 1989இல் வெளியாயிற்று. 1997இல் வெளியீட்டு நிறுவனம் கைமாறியது. பின்னர் 2000இல் மூன்றாம் பதிப்பும், 2008இல் நான்காம் பதிப்பும், 2014இல் ஐந்தாம் பதிப்பும் வந்தன. ஐந்தாம் பதிப்பின் திருத்தம் 2024இல் வெளிவரத் தொடங்கியது. அதில் ஆடுவோர்க்கான நூல் மட்டுமே 384 பக்கம். நாம் பெரும்பாலும் 1981ஆம் ஆண்டு நூலையும் 2014ஆம் ஆண்டு நூலையும் எதிரெதிர் வைத்து நோக்குவோம்.

புள்ளி எதற்கு?

தேர்வில் எதற்கு மதிப்பெண் உண்டோ அதையே மாணவன் படிப்பான். இலக்கணத்துக்கு மதிப்பெண் இல்லையென்றால் இலக்கண நூல் தூசு படியும். இவ்வுண்மை விளையாட்டுக்கும் பொருந்தும். இவ்வாட்டத்தில் பாத்திரம் ஒரு படியிலிருந்து மறு படிக்கு உயர ‘அனுபவப் புள்ளி’ சேர்க்க வேண்டும். அப்புள்ளி எதற்குக் கிடைக்கிறது என்பதே நாம் கேட்க வேண்டிய முதல் வினா.

1981ஆம் ஆண்டு நூலில், நிலவறையிலிருந்து வெளிக்கொணரும் ஒவ்வொரு பொற்காசுக்கும் ஒரு புள்ளி. ‘ஆர்க்’ என்னும் முரட்டுப் பகைவன் ஒருவனைக் கொன்றால் 10 புள்ளி. வீரன் இரண்டாம் படியை எட்ட 2000 புள்ளி வேண்டும். கொலையால் மட்டுமே உயர நினைப்பவன் 200 பேரைக் கொல்ல வேண்டும். அதற்குள் அவனே பன்முறை மடிந்துவிடுவான். ஆகவே அறிவுடையோன் போரைத் தவிர்த்தான். ஒளிந்து சென்றான். பகைவரோடு பேசிப் பார்த்தான். அந்நூலில் எதிர்ப்படும் உயிர்கள் யாவும் உடனே பாய்வனவல்ல. இரு பகடை உருட்டி, அவை நட்புடன் வருமா, தயங்குமா, தாக்குமா என்று நடுவர் அறிவார். போரிடும் பகைவரும் மனவுறுதி குலைந்து ஓடுதற்கு விதி உண்டு.

2014ஆம் ஆண்டு நூலில், அதே ஆர்க்கைக் கொன்றால் 100 புள்ளி. இரண்டாம் படிக்கு வேண்டுவது 300 புள்ளிதான். அஃதாவது, மூவரை வீழ்த்தினால் போதும். பொன்னுக்குப் புள்ளி இல்லை. பகைவர் அஞ்சியோடும் விதி, விரும்பினால் கொள்ளலாம் என்று ஒதுக்கப்பட்ட பகுதிக்குச் சென்றுவிட்டது. போரின்றி இடர் கடந்தாலும் புள்ளி தர நடுவர்க்கு உரிமையுண்டு என்பது மெய்யே. ஆனால் நூலில் அச்சேறிய அட்டவணை போரின் விலையையே பெரிதாகக் காட்டுகிறது. ஆடுவோர் வாளை உருவுவதில் வியப்பென்ன?

தேடுவது யார்?

அடுத்த வினா: நூல் யாரைச் சோதிக்கிறது? ஆடுவோனையா, அவன் ஏற்ற பாத்திரத்தையா?

1974ஆம் ஆண்டுச் சுவடிகளில் வீரன், மந்திரவாதி, சமயகுரு என மூவகையினரே உளர். மறைகதவைக் காணப் பகடை உண்டெனினும், பொறிகளைத் தேடும் தனித்திறன் இம்மூவருள் எவர்க்கும் வகுக்கப்படவில்லை. குள்ளர் இனத்தார்க்கு மட்டும் சிறு சலுகை உண்டு. ஆகவே, நீண்ட கோலால் தரையைத் தட்டிப் பார்க்கிறேன், தண்ணீரை ஊற்றி அது எங்கே வடிகிறது என்று நோக்குகிறேன் என ஆடுவோனே சொல்ல வேண்டும். அவன் கூர்மையே கருவி.

மறு ஆண்டு, 1975இல், வந்த இணைப்புச் சுவடி ‘திருடன்’ என்னும் நான்காம் வகையைச் சேர்த்தது. பொறியை நீக்கவும் பூட்டைத் திறக்கவும் நூற்றுக்கு இத்தனை என்னும் வாய்ப்பு அவனுக்குத் தரப்பட்டது. அன்றே வாய்மொழியின் இடத்தில் எண் புகுந்தது. 1981இல் அறையைத் தேடும் எவர்க்கும் ஆறில் ஒரு வாய்ப்பு என்றாயிற்று. 2000ஆம் ஆண்டு நூலிலோ தேடுதல், பேச்சுவன்மை முதலியன தனித்தனித் திறன்களாகிக் குறிப்பேட்டில் ஏறின. எனவே, பழமைக்கும் புதுமைக்கும் இடையே 2000ஆம் ஆண்டில் ஒரு மதில் எழுந்தது என்பார் கூற்று பொருந்தாது. மாற்றத்தின் விதை முதல் நூல் பிறந்த மறு ஆண்டே ஊன்றப்பட்டது.

இன்றைய ஆட்டங்கள் பலவற்றில், நடுவர் அறையை விவரித்து முடிக்குமுன், “தேடுகிறேன், 17” என்று பகடை எண்ணைச் சொல்வோரைக் காணலாம். இதற்கு நூல் முழுப்பொறுப்பாகுமா? ஆகாது. 2014ஆம் ஆண்டு நூல், மறைந்த பொருளைத் தேடுவோன் எங்கே தேடுகிறான் என்பதைச் சொல்ல வேண்டும் என்றே விதிக்கிறது. இழுப்பறையில் மடித்த துணிகளின் கீழே சாவி இருக்க, சுவரையே பார்த்து நிற்பவன் எத்துணைப் பெரிய எண் உருட்டினாலும் சாவியைக் காணான் என்னும் கருத்தும் அங்கே உண்டு. விதி இருக்கிறது, வழக்கம் அதை மறந்தது. குறிப்பேட்டில் பதினெட்டுத் திறன்களை வரிசையாக அச்சிட்டுக் கையில் கொடுத்தால், ஆடுவோன் கண் நடுவர் முகத்தை விட்டுத் தாளுக்குத் தாழ்வது இயற்கைதானே.

சாவும் பிழைப்பும்

1981ஆம் ஆண்டு நூலில் உயிர்ப்புள்ளி பூச்சியமானால் பாத்திரம் இறந்தது. தொடக்க நிலை மந்திரவாதிக்கு நான்கு முகப் பகடை ஒன்றால் வரும் உயிர்ப்புள்ளி. நாளொன்றுக்கு ஒரே மந்திரம். முழுநாள் ஓய்ந்தால் மூன்று புள்ளிக்கு மேல் உடல் தேறாது. 2014ஆம் ஆண்டு நூலில் பூச்சியத்தில் மயக்கமே வரும். மூன்று முறை பகடை தவறுமுன் மூன்று முறை வென்றால் உயிர் தங்கும். ஓரிரவு நெடுந்துயில் கொண்டால் இழந்த உயிர்ப்புள்ளி அனைத்தும் மீளும். சிறு மந்திரங்களுக்கு வரம்பேயில்லை.

பழையது கொடிது, புதியது மென்மை என்று இதனை வைத்துத் தீர்ப்புக் கூறுதல் அவசரம். பழைய நூலில் மூன்று பகடைகளை ஆறு முறை உருட்டிச் சில நிமிடங்களில் புதுப் பாத்திரம் ஆக்கலாம். இறப்பு ஒரு பாடமே. புதிய நூலிலோ பாத்திரத்துக்குப் பிறப்பு வரலாறு, தொழில், குறிக்கோள் எல்லாம் எழுதப்படுகின்றன. அத்துணை உழைப்பை ஒரு பகடையால் அழிப்பின் ஆடுவோன் மனம் முறியும். ஒன்று எச்சரிக்கையைக் கற்பிக்கிறது. மற்றொன்று ஒரு மாந்தன்மேல் நெடுநாள் அக்கறை கொள்ளக் கற்பிக்கிறது. இரண்டும் கல்வியே.

புதியதன் நீதி

இனிப் பழம்பதிப்பைப் புகழ்வோர் சொல்லாமல் விடும் சிலவற்றையும் சொல்ல வேண்டும். 1978இல் வந்த ஆடுவோர் நூல், பெண் பாத்திரங்களின் உடல்வலிமைக்கு ஆண்களினும் தாழ்ந்த உச்சவரம்பு விதித்தது. 1989இல்தான் அது நீங்கியது. மாந்தரல்லாத இனத்தார் குறித்த படிக்கு மேல் உயரலாகாது என்ற தடையும் பழைய நூல்களில் உண்டு. இது 2000இல் ஒழிந்தது. பிறந்த இனத்தைக் கொண்டே வலிமையும் அறிவும் கூட்டித் தரப்பட்ட விதியும், 2024இல், வளர்ந்த சூழலையும் பழகிய தொழிலையும் கொண்டே தரப்படும் என மாறியது. பிறப்பு எதுவாயினும் பயிற்சியே ஆளை ஆக்கும் என்று நம்பும் தோட்டப் பள்ளி ஆசிரியர் எவரும் இதனைக் கைதட்டி வரவேற்பர்.

வேறொரு நீதியும் உண்டு. பேச்சால் வெல்லும் ஆட்டத்தில் வாயாடிப் பிள்ளையே வெல்வான். நா எழாத பிள்ளை மூலையில் அமர்வான். அவன் ஏற்ற பாத்திரம் பெரும் நாவலனாக இருந்தும், அவன் வாய் திறவாமையால் நாவலனும் ஊமையாவான். புதிய நூல் அவனுக்குப் பகடையைத் தந்து, “நீயும் அரசனை இணங்கச் செய்யலாம்” என்கிறது. பழைய முறையோ நடுவர் ஒருவரின் நேர்மையையே முழுவதும் நம்பியிருந்தது. நடுவர் ஓரஞ்சாய்ந்தால் முறையிட இடமில்லை. எழுதப்பட்ட விதி எளியவர்க்கு அரண் என்பதை மறுப்பார் யார்?

முடிபு

இவற்றையெல்லாம் தொகுத்து நோக்கின் பெறப்படுவது யாது? பழம்பதிப்பு வினாவைப் போற்றியது. புதுப்பதிப்பு சமன்மையைப் போற்றுகிறது. வாய்மொழித் தேர்வுக்கும் எழுத்துத் தேர்வுக்கும் உள்ள வேறுபாடே இது. வாய்மொழித் தேர்வில் மாணவனின் முழு அறிவும் வெளிப்படும். ஆனால் தேர்வாளர் மனப்போக்கும் கலந்துவிடும். எழுத்துத் தேர்வு யாவர்க்கும் ஒன்று. ஆனால் எழுதிய விடைக்கு அப்பால் மாணவன் யார் என்பதை அது கேளாது.

ஆதலின் பிள்ளைகளுக்கு இவ்வாட்டத்தை நடத்த விழைவோர் புதிய நூலையே கைக்கொள்க என்பது நம் துணிபு. அதன் கதவு அகலமானது. எவரையும் பிறப்பைச் சொல்லி நிறுத்தாது. ஆயினும் பழைய நூலிடமிருந்து இரண்டு கடன் வாங்குக. ஒன்று, போரைத் தவிர்த்து அறிவால் இடர் கடந்தவனுக்குப் போரிட்டவனுக்குரிய புள்ளியைக் குறையாமல் கொடுத்தல். மற்றொன்று, பகடை உருளுமுன், “நீ என்ன செய்கிறாய், எப்படிச் செய்கிறாய்?” என்று கேட்டு, விடை வரும்வரை காத்திருத்தல். நா எழாத பிள்ளைக்குச் சற்று நீளக் காத்திருத்தல் வேண்டும். அவன் ஒரு சொல் சொன்னாலும் அதை ஏற்று, பிறகு பகடையை அவன் கையில் கொடுங்கள். அடுத்த முறை அவன் இரண்டு சொல் சொல்வான்.