தெருமுனையில் ஒரு இசைத்தட்டு

மைல்ஸ் டேவிஸின் ‘ஆன் த கார்னர்’ 1972 அக்டோபரில் வெளிவந்தபோது ஜாஸ் விமர்சகர்களில் பெரும்பாலோர் அதை நிராகரித்தார்கள். ஒரே தாளத்தைத் திரும்பத் திரும்ப அரைக்கிறார், டிரம்பெட்டைக் காணோம், இளைஞர் சந்தைக்கு விலைபோய்விட்டார் – குற்றச்சாட்டுகளின் சாரம் இவ்வளவுதான். 2007இல் அதையொட்டிய ஒலிப்பதிவுகள் எல்லாம் ஆறு குறுந்தகடுகளில் தொகுக்கப்பட்டபோது அது தீர்க்கதரிசனமாகிவிட்டிருந்தது. இந்த இரண்டு தீர்ப்புகளுமே இசைத்தட்டைக் கேட்காமல் தப்பித்துக்கொள்ளும் வழிகள் என்பது என் கட்சி.

ஜாஸ் விமர்சனத்தின் சொற்களெல்லாம் தனி வாசிப்பைச் சுற்றி வளர்ந்தவை. ஒருவன் முன்னால் வந்து நிற்பான். தன் கதையைச் சொல்லிவிட்டு ஒதுங்குவான். மற்றவர்கள் அவனைத் தாங்கிப் பிடிப்பார்கள். 1959இல் ‘கைண்ட் ஆஃப் புளூ’வில் இந்த உருவத்தை அதன் உச்சத்துக்குக் கொண்டுபோனவர் டேவிஸ்தான். பதிமூன்று வருஷம் கழித்து, நியூயார்க்கில் கொலம்பியாவின் ஸ்டுடியோவில், அந்த முன்னால் நிற்கும் ஆளை அவரே நீக்கிவிட்டார். மைக்கேல் ஹெண்டர்சனின் பேஸ் கிதார் ஒரு சிறு சொற்கட்டை விடாமல் சொல்லிக்கொண்டிருக்கிறது. அதன் மேல் டிரம்ஸ், பாதல் ராயின் தபலா, சிதார், மின் கீபோர்டுகள். சிதார் இருந்தும் ஆலாபனை இல்லை. தபலா இருந்தும் சமத்துக்கு வந்து சேரும் நிறைவு இல்லை. டேவிஸின் டிரம்பெட்டும் வா-வா பெடல் வழியாகத் திரிந்து, இன்னொரு தாளவாத்தியம்போல் உள்ளே அமிழ்ந்துவிடுகிறது. ஓடிய நாடாவைத் தயாரிப்பாளர் டியோ மசேரோ பிறகு வெட்டி ஒட்டினார். முதல் பதிப்பின் உறையில் வாசித்தவர்களின் பெயர்கூடக் கிடையாது.

ஆகவே தாளம் மாறவில்லை என்பது பாதி உண்மை. பேஸ் நகருவதில்லை, அதைச் சுற்றியிருப்பவை நகருகின்றன. ‘பிளாக் சாட்டின்’ பகுதியில் சீழ்க்கையும் கைதட்டலும் மணிகளும் ஒன்றன்மேல் ஒன்று ஏறும்போது காது முன்பின் என்ற அடுக்கை இழக்கிறது. இந்த அனுபவம்தான் இந்த இசைத்தட்டின் சாதனை. ஆனால் அதே தாளப் படுகையை இருபது நிமிஷத்துக்கு மேல் நீட்டும் கடைசிப் பகுதியில் அடுக்குகள் மெலிந்து, இசை வெறும் ஓட்டமாகிவிடுகிறது. நிராகரித்தவர்கள் இதைச் சொல்லியிருக்கலாம். சொல்வதற்கு முன்பகுதி எதைச் செய்கிறது என்று தெரிந்திருக்க வேண்டும்.

விலைபோனார் என்ற குற்றச்சாட்டோ எளிதில் உடைகிறது. ஜேம்ஸ் பிரவுனையும் ஸ்லை ஸ்டோனையும் கேட்கும் கறுப்பின இளைஞர்களை எட்ட வேண்டும் என்பது டேவிஸின் ஆசை. கார்க்கி மெக்காயின் கார்ட்டூன் உறை அவர்களுக்காகவே போடப்பட்டது. அவர்கள் வாங்கவில்லை. கம்பெனி சரியாக விற்கவில்லை என்று டேவிஸ் குறைப்பட்டுக்கொண்டார். அது மட்டும் காரணமாகத் தோன்றவில்லை. இதில் கீபோர்டு வாசித்த ஹெர்பி ஹான்காக் 1973இல் ‘ஹெட் ஹண்டர்ஸ்’ மூலம் அதே ஃபங்க் தாளத்தோடு பெருங்கூட்டத்தை அடைந்தார். அங்கே முணுமுணுக்க ஒரு மெட்டு இருக்கிறது. டேவிஸ் தெருவின் தாளத்தை எடுத்துக்கொண்டு, தெரு பற்றிக்கொள்ளும் மெட்டைக் கொடுக்க மறுத்தார். சந்தைக்குப் போகிறவன் செய்கிற காரியமல்ல இது.

பிற்காலப் புகழுரைகளும் எனக்குத் திருப்தி தருவதில்லை. ஹிப்-ஹாப்பை முன்கூட்டிச் சொன்னது, நாடாவெட்டும் இசைக்கு வழிகாட்டியது என்கிறார்கள். பேரப்பிள்ளைகளின் சம்பாத்தியத்தை வைத்துத் தாத்தாவுக்கு மரியாதை செய்கிற புத்தி இது. ஹிப்-ஹாப் வராமலே போயிருந்தால் ‘பிளாக் சாட்டின்’ மட்டமாகியிருக்குமா? இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லாத பாராட்டு, பழைய வசவைப் போலவே, படைப்புக்கு வெளியே நிற்கிறது. காலம் தீர்ப்புச் சொல்லும் என்று காத்திருப்பவனுக்கு விமர்சகன் என்ற பெயர் எதற்கு? இசைத்தட்டு கைக்கு வந்த வாரத்திலேயே, அதற்கு வேண்டிய சொல்லை அதிலிருந்தே கண்டெடுப்பதுதான் அவன் வேலை.