மவுஸைத் துரத்தும் வட்டம்

பிராசஸிங் அல்லது பி5.ஜேஎஸ் கற்கத் தொடங்கும் பலரும் முதல் வாரத்திலேயே ஒரு வட்டத்தை மவுஸின் பின்னால் ஓடவிட்டுவிடுகிறார்கள். இரண்டாவது வாரம் ஆயிரம் புள்ளிகள். மூன்றாவது வாரம் அலை அலையாக நெளியும் கோடுகள். பார்க்க அழகாகத்தான் இருக்கிறது. என் கேள்வி அதற்கு அடுத்தது. பார்ப்பவர் கையை அசைத்தால் படமும் அசைகிறது, சரி. அதனால் அவருக்கு என்ன ஆகிறது? இன்டராக்டிவ் டிஜிட்டல் கலை என்ற பெயரில் வரும் பல வேலைகளில் இதற்குப் பதில் இல்லை. நாம் இந்தக் கலையைக் கற்கும் வரிசையில்தான் கோளாறு என்று எனக்குத் தோன்றுகிறது.

கொஞ்சம் பின்னாடி போவோம். 1999-ல் எம்ஐடி மீடியா லேபில் இருந்த ஜான் மேடா, 'டிசைன் பை நம்பர்ஸ்' என்ற குட்டி நிரல்மொழியைத் தந்தார். வரைவதற்கு 100-க்கு 100 புள்ளிகள் கொண்ட ஒரு சதுரம், அவ்ளோதான். வண்ணம் கிடையாது, வெள்ளையிலிருந்து கறுப்பு வரை சாம்பல் மட்டும். அவருடைய மாணவர்கள் கேசி ரியாஸும் பென் ஃப்ரையும் 2001-ல் பிராசஸிங்கைத் தொடங்கி அந்தச் சதுரத்தின் சுவர்களை இடித்தார்கள். வண்ணம், பெரிய திரை, முப்பரிமாணம், கேமரா, ஒலி எல்லாம் உள்ளே வந்தன. லாரன் மெக்கார்த்தி 2013-ல் ஆரம்பித்த பி5.ஜேஎஸ் இதையெல்லாம் பிரவுசருக்குக் கொண்டுவந்தது.

இது சின்ன விஷயம் இல்லை. வழக்கமான புரோகிராமிங் வகுப்பில் இரண்டு எண்களைக் கூட்டி விடையை அச்சடிக்கவே ஒரு வாரம் ஓடிவிடும். இங்கே ஒரு வரி எழுதினால் உடனே திரையில் தெரிகிறது. 'டிரா' என்ற பகுதி சாதாரணமாக நொடிக்கு 60 முறை ஓடுவதால் படம் உயிரோடு இருப்பது போலவே இருக்கும். கணக்கு என்றாலே ஓடும் ஓவியர்கள் பலர் கோட் எழுத வந்தது இதனால்தான்.

ஆனா இந்த உடனடிப் பலனே பொறியாகவும் மாறுகிறது. 'நாய்ஸ்' என்ற ஒரு கட்டளையை எடுத்துக்கொள்ளுங்கள். 1980-களில் கென் பெர்லின் உருவாக்கிய கணித முறை அது. 1997-ல் அதற்காக அவருக்கு ஆஸ்கர் அகாடமியின் தொழில்நுட்ப விருது கிடைத்தது. அதை ஒருமுறை அழைத்தால் போதும், புகை போலவும் மேகம் போலவும் எதையும் நெளியவிடலாம். அந்த அழகில் பெரும்பகுதி பெர்லினுடையது. கற்பவர் அதைத் தன்னுடையது என்று எடுத்துக்கொண்டு அங்கேயே நின்றுவிடுகிறார். டேனியல் ஷிஃப்மனின் 'தி நேச்சர் ஆஃப் கோட்' போன்ற புத்தகங்கள் விசை, முடுக்கம், கூட்டமாகப் பறக்கும் பறவைகள் என்று இயக்கத்தைப் பொறுமையாகச் சொல்லித்தருகின்றன. நல்ல புத்தகம்தான். ஆனாலும் இயக்கம் வேறு, ஊடாட்டம் வேறு.

இந்த வித்தியாசம் புரிய ஒரு பயிற்சி சொல்கிறேன். கியோர்க் நீஸ் என்ற ஜெர்மானியர் 1960-களின் இறுதியில் கணினியைக் கொண்டு வரைந்த 'ஷாட்டர்' என்ற படத்தைத் தேடிப் பாருங்க. பெயருக்கு அர்த்தம் சரளைக்கல். ஒரு வரிசைக்கு 12 சதுரங்களாக 22 வரிசைகள். மேலே எல்லாம் ஒழுங்காக நிற்கின்றன. கீழே போகப் போகத் திரும்பி, நகர்ந்து, சரிகின்றன. பி5.ஜேஎஸ்ஸில் இதை இருபது வரிக்குள் எழுதிவிடலாம். தற்செயல் எண்ணை வரிசை எண்ணால் பெருக்கினால் கலைவு தானாகக் கூடும்.

இப்போது அதை 'இன்டராக்டிவ்' ஆக்குங்கள். மவுஸைக் கீழே இழுத்தால் கலையட்டும், மேலே தள்ளினால் ஒழுங்காகட்டும். நான் செய்து பார்த்தேன். பத்து விநாடி ஜாலியாக இருந்தது, அதோடு சரி. நீஸின் படத்தில் கண் மேலிருந்து இறங்கும்போது ஒழுங்கு குலைவதைப் பார்க்கிறோம், நம்மால் அதைத் தடுக்க முடியாது. அந்த இயலாமைதான் படத்தின் கனம். பார்ப்பவர் கையில் ஒரு கைப்பிடியைக் கொடுத்ததும் குலைவு என்பது ரேடியோவின் வால்யூம் குமிழ் மாதிரி ஆகிவிட்டது. படத்திலிருந்து ஒன்றை எடுத்துக்கொண்டோம். பதிலுக்குப் பார்ப்பவருக்கு எதுவும் தரவில்லை.

பதிலுக்குத் தருவது எப்படி இருக்கும்? கமில் அட்டர்பேக்கும் ரோமி அகிடுவும் 1999-ல் செய்த 'டெக்ஸ்ட் ரெயின்' நல்ல உதாரணம். பெரிய திரையில் உங்கள் உருவம் கண்ணாடியில் போலத் தெரிகிறது, மேலிருந்து எழுத்துகள் மழையாக விழுகின்றன. கை, தலை, குடை என்று கறுப்பாக எது தட்டுப்பட்டாலும் அதன்மேல் உட்கார்ந்துகொள்கின்றன. அடிப்படை விதி ரொம்ப எளிது. எழுத்து இருக்கும் இடம் ஓர் அளவைவிட வெளிச்சமாக இருந்தால் விழு, இருட்டாக இருந்தால் நில். எது கை, எது குடை என்று அந்த விதிக்குத் தெரிய வேண்டியதில்லை. ஆனால் அந்த எழுத்துகள் உடலையும் மொழியையும் பற்றிய ஒரு கவிதையிலிருந்து வருபவை. ஒரு சொல்லை முழுதாகப் படிக்க வேண்டுமென்றால் கையை நீட்டி, அசையாமல், எழுத்துகள் சேரும்வரை காத்திருக்க வேண்டும். படிப்பது இங்கே உடம்பால் செய்யும் வேலை. பார்ப்பவர் இல்லாவிட்டால் எழுத்துகள் தரைக்குப் போய்விடும், கவிதை கிடைக்காது.

ஆரம்பத்தில் விளையாடட்டுமே, இதெல்லாம் பிறகு வரும் என்று சிலர் சொல்வார்கள். விளையாட்டு வேண்டும்தான். ஆனால் 'பிறகு' தானாக வருவதில்லை. அடுத்த எஃபெக்ட்தான் வருகிறது. அதனால் நான் வரிசையை மாற்றச் சொல்வேன். முதலில் மேடாவின் சதுரத்துக்குத் திரும்புங்கள்: சின்னத் திரை, சாம்பல் நிறம், ஒரே ஓர் உள்ளீடு. கோட் எழுதும் முன் ஒரு வாக்கியம் எழுதுங்கள்: பார்ப்பவர் என்ன செய்வார், அதனால் அவருக்கு என்ன கிடைக்கும் அல்லது என்ன போகும். அந்த வாக்கியம் வரவில்லை என்றால் ஆயிரம் புள்ளிகள் சேர்த்தாலும் வராது.

ஏற்கெனவே ஸ்கெட்ச் செய்து வைத்திருப்பவர்களுக்கு ஒரு சோதனை. அதிலிருந்து மவுஸையும் கேமராவையும் எடுத்துவிட்டு, தானாக ஓடும்படி மாற்றிப் பாருங்க. எதுவும் குறையவில்லை என்றால் நீங்கள் செய்திருப்பது நல்ல அனிமேஷன். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. அதை அந்தப் பெயரிலேயே காட்டலாம்.