பாடும் மெக்கானிக்கும் 3,000 ஹெர்ட்ஸும்

ஆல்ஃபி போ என்ற ஆங்கிலேய டெனர் பாடகரைப் பற்றி எந்தக் கட்டுரையை எடுத்தாலும் முதல் பத்தி ஒன்றுதான். பிளாக்பூலில் டிவிஆர் கார் தொழிற்சாலை. இளம் மெக்கானிக் ஒருவர் பாடிக்கொண்டே வேலை பார்க்கிறார். இசைத்துறைத் தொடர்புள்ள ஒரு வாடிக்கையாளர் அதைக் கேட்டுவிட்டு, "லண்டன்ல டாய்லி கார்ட் கம்பெனிக்கு ஆள் எடுக்கறாங்க, போய்ப் பாடிப் பாருங்க" என்கிறார். போனார், தேர்வானார். அடுத்த பத்தியில் ஆள் ஓபரா மேடையில் நிற்கிறார்!

கதை பொய் இல்லை. அவரே பல முறை சொன்னதுதான். என் சண்டையெல்லாம் அந்த இரண்டு பத்திகளுக்கும் நடுவில் காணாமல் போகிற வருடங்களோடுதான். டாய்லி கார்ட்டுக்குப் பிறகு ராயல் காலேஜ் ஆஃப் மியூசிக், அப்புறம் நேஷனல் ஓபரா ஸ்டூடியோ, அதற்கும் மேலே ராயல் ஓபரா ஹவுஸின் இளம் கலைஞர் பயிற்சி. பிராட்வேயில் 'லா போயெம்' நாயகனாகப் பாடியது 2002இல். இத்தனையையும் ஒரே வரியில் அமுக்கிவிட்டு, அந்த வாடிக்கையாளருக்கு நான்கு வரி ஒதுக்குகிறார்கள்.

அந்த வருடங்களில் அப்படி என்னதான் நடக்கிறது? நல்ல சாரீரம் ஏற்கெனவே இருக்கிறதே?

இங்கேதான் எனக்குள் இருக்கும் பி.இ. எட்டிப் பார்க்கிறான். ஓபராவில் மைக் கிடையாது என்பது மரபு. எதிரே ஒரு முழு ஆர்கெஸ்ட்ரா. அதைவிடச் சத்தமாகக் கத்தி ஜெயிக்க எந்தத் தொண்டையாலும் முடியாது. ஆனால் ஆர்கெஸ்ட்ராவின் சக்தி பெரும்பாலும் 500 ஹெர்ட்ஸை ஒட்டிக் குவிகிறது. மேலே போகப் போகக் குறைந்துவிடும். பயிற்சி பெற்ற ஆண் ஓபரா பாடகரின் குரலிலோ 3,000 ஹெர்ட்ஸ் பக்கத்தில் தனியாக ஒரு மேடு இருக்கிறது. ஸ்வீடனைச் சேர்ந்த யோஹான் சுண்ட்பெரி 1970களில் இதை விளக்கினார். குரல்வளையைக் கொஞ்சம் கீழே இறக்கி, தொண்டையை அகலமாக்கி, குரல் நாண்களுக்குச் சற்று மேலே உள்ள குறுகிய பகுதியைத் தனி ஒத்ததிர்வுக் குழாய் போல வேலை செய்ய வைக்கிறார்கள். ஆர்கெஸ்ட்ரா காலியாக விட்ட இடத்தில் குரல் புகுந்து கடைசி வரிசை வரை போய்விடுகிறது. நம் காதும் அந்த அலைவரிசையில்தான் ரொம்பக் கூர்மை.

இதைத் தினசரி சாதகத்தில் உடம்பு பழக வேண்டும். அதுவும் பாடுகிறவருக்குத் தன் குரல் வெளியே எப்படிக் கேட்கிறது என்று சரியாகத் தெரியாது. வெளியே இருந்து கேட்டுத் திருத்த இன்னொரு காது வேண்டும். வாடிக்கையாளர் கேட்டது ஒரு நாள். ஆசிரியர்கள் கேட்டது வருடக்கணக்கில்.

டி.வி. வந்ததும் இந்தக் கதை இன்னும் சுருங்கிவிட்டது. 2007இல் 'பிரிட்டன்ஸ் காட் டேலண்ட்' ஜெயித்த பால் பாட்ஸை 'செல்போன் விற்பவர்' என்றுதான் உலகம் தெரிந்துகொண்டது. அவர் அதற்கு முன்பே இத்தாலி போய்ப் பயிற்சி எடுத்தவர், பாத் நகர அமெச்சூர் ஓபராக் குழுவில் பாத்திரங்கள் ஏற்றவர். அந்த மேடையில் மைக் இருந்தது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். நான் மேலே சொன்ன மேட்டுக்கு அங்கே வேலையே இல்லை.

கரூசோவும் பட்டறைப் பையன்தான். நேப்பிள்ஸில் அப்பா மெக்கானிக். மகனையும் 11 வயதில் அதே மாதிரித் தொழிலுக்கு அனுப்பினார். 1895இல் மேடை ஏறிய பிறகும் கொஞ்ச காலம் மேல்ஸ்தாயியில் அவருக்குக் குரல் உடையும். 'உலகத்தின் மகா டெனர்' என்று ரெக்கார்டில் கேட்கிற நமக்கு இதை நம்பக் கஷ்டமாக இருக்கும்.

இன்னொரு எரிச்சலும் உண்டு. இந்தக் கட்டுரைகளில் பட்டறை என்பது எப்போதும் தப்பித்து வர வேண்டிய இருட்டறை. டிவிஆர் அப்போது குறைந்த எண்ணிக்கையில், பெரும்பாலும் கைவேலையாக ஸ்போர்ட்ஸ் கார் கட்டிக்கொண்டிருந்த கம்பெனி. அங்கே வேலை பழகுவதும் சும்மா இல்லை. எஞ்சின் சத்தத்தில் என்ன கோளாறு என்று பிடிக்கிற காதை யாரோ பக்கத்தில் நின்று பழக்கியிருக்க வேண்டும். ஒரு தொழிலுக்கு மட்டும் பயிற்சியாம், இன்னொன்றுக்கு வரமாம்!

2010இல் லண்டன் ஓ2 அரங்கில் 'லே மிசராப்ல்' 25ஆம் ஆண்டு நிகழ்ச்சியில் ழான் வால்ழான் பாத்திரத்தைப் பாடியபோது ஆல்ஃபி போவுக்கு வயது 37. பாட்டிலேயே பாதி வாழ்க்கை போயிருந்தது. தலைப்புகளில் அப்போதும் அவர் மெக்கானிக்தான்.