பட்டணத்தின் பிறந்தநாள்

ஆகஸ்டு மாதம் பிறந்துவிட்டால் சென்னைப் பட்டணத்தில் சரித்திரத்துக்குக் கிராக்கி வந்துவிடுகிறது. மற்றப் பதினொரு மாதமும் பழைய கட்டடத்தைக் கண்டால் எப்போது இடிப்பார்கள், எத்தனை மாடி எழுப்புவார்கள் என்று கணக்குப் போடுகிற ஊர், அந்த ஒரு மாதம் மட்டும் கழுத்தில் காமிராவை மாட்டிக்கொண்டு விடியற்காலையில் தெருவில் இறங்குகிறது. நடைப் பயணங்கள், பிரசங்கங்கள், பழைய படங்களின் கண்காட்சி, நாணயங்கள், தபால்தலைகள், பள்ளிப் பிள்ளைகளுக்கு வினாடி வினா, சட்டையில் அச்சடிக்கச் சித்திரப் போட்டி, சாப்பாட்டுத் திருவிழா என்று எத்தனையோ நடக்கின்றன. எஸ். முத்தையா, சசி நாயர், வின்சென்ட் டிசோஸா என்ற மூன்று பத்திரிகைக்காரர்கள் 2004-ஆம் வருஷம் ஒரு நாள் விழாவாகத் தொடங்கி வைத்தார்கள். ஒரு நாள் ஒரு வாரமாயிற்று. ஒரு வாரம் ஒரு மாதமாயிற்று. முத்தையா 2019-இல் காலமானார். விழா நிற்கவில்லை.

இந்த விழாவில் எனக்குப் பிடித்த அம்சத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். இதற்குச் சொந்தக்காரர் கிடையாது. யார் வேண்டுமானாலும் ஒரு நிகழ்ச்சி நடத்தலாம். மந்திரி வருகிறார் என்று இரண்டு மணி நேரம் காத்திருக்க வேண்டியதில்லை. பொன்னாடை கிடையாது, பொன்னாடை போர்த்துகிறவருக்கு ஒரு பொன்னாடையும் கிடையாது. தமிழ்நாட்டில் இப்படி ஒரு விழா இருபது வருஷங்களுக்கு மேலாக நடந்து வருகிறது என்பதே ஓர் அதிசயம். இதைப் பரிகசிப்பவர்கள் உண்டு. நான் அந்தக் கட்சியில் சேரவில்லை. வருஷா வருஷம் போகிறேன், நடக்கிறேன், உட்கார்ந்து கேட்கிறேன். போகிறவனுக்குத்தானே குறை சொல்லும் பாத்தியதை?

நான் சரித்திரம் முறையாகப் படித்தவனல்ல. கதை எழுதுவது என் தொழில். ஆகவே இந்த நடைப் பயணங்களையும் பிரசங்கங்களையும் கதை சொல்லும் கலையின் ஒரு வகையாகத்தான் என்னால் பார்க்க முடிகிறது. அப்படிப் பார்த்தால் இந்தக் கதைகளில் ஒரு கோளாறு கண்ணில் படுகிறது. கதாநாயகன் எப்போதும் கட்டடத்தைக் கட்டியவன்தான். அதில் குடியிருந்தவனோ, அதற்காகக் குடிபெயர்ந்தவனோ கதைக்குள் வருவதில்லை.

பிறந்த தேதியையே எடுத்துக்கொள்ளுங்கள். 1639 ஆகஸ்டு 22. கிழக்கிந்தியக் கம்பெனியின் ஃபிரான்சிஸ் டேக்குத் தாமல் வெங்கடப்ப நாயக்கர் கடற்கரையில் ஒரு துண்டு மணலை எழுதிக் கொடுத்த நாள். பட்டயத்தின் பிரதிகளில் ஜூலை 22 என்று இருக்கிறது. டே இந்தக் கரைக்கு வந்து சேர்ந்ததோ ஜூலை 27. வருவதற்கு ஐந்து நாள் முன்னால் வாங்கியிருக்க முடியாது என்பதால், மாதம் பிழைபட்டிருக்க வேண்டும், ஆகஸ்டாகத்தான் இருக்கும் என்று அறிஞர்கள் தீர்மானித்தார்கள். பிறந்த தேதியே ஒரு ஊகம்! இது எவ்வளவு நல்ல கதை! ஆனால் மேடையில் இதை யாரும் ரசித்துச் சொல்வதில்லை. தேதியை அடித்துச் சொல்லிவிட்டு, டேக்குச் சாந்தோமில் ஒரு காதலி இருந்தாள், அதனால்தான் பக்கத்திலேயே இடம் வாங்கினான் என்ற வதந்திக்குப் போய்விடுகிறார்கள். கூட்டம் சிரிக்கிறது. ‘என்பார்கள்’ என்று ஒரு சொல்லைச் சேர்த்துக்கொண்டால் வதந்தியும் சரித்திரத்தில் கௌரவமாக உட்காரும். அந்த ஒரு சொல்லைச் சேர்க்கிறவர்களும் இருக்கிறார்கள். அவர்கள் பிரசங்கத்துக்கு நான் மழையிலும் போவேன்.

ஒரு பத்திரம் எழுதிய நாளை ஊர் பிறந்த நாள் என்று கொண்டாடலாமா, மயிலாப்பூரும் திருவொற்றியூரும் திருவான்மியூரும் அதற்கு எத்தனையோ நூற்றாண்டு மூத்தவையல்லவா என்று ஒரு கட்சி வருஷந்தோறும் சண்டைக்கு வருகிறது. சண்டையில் நியாயம் உண்டு. பல்லாவரத்தில் 1863-ஆம் வருஷம் ராபர்ட் புரூஸ் ஃபூட் ஒரு கற்கோடரியைக் கண்டெடுத்தார்; அந்தக் கணக்கில் பார்த்தால் மயிலாப்பூரே நேற்றுப் பிறந்த குழந்தை. எனக்கு இந்த வயசுச் சண்டையில் அக்கறை இல்லை. திருவல்லிக்கேணி பார்த்தசாரதி கோயிலில் பல்லவ மன்னன் தந்திவர்மன் காலத்துக் கல்வெட்டு ஒன்று இருக்கிறது. ஒன்பதாம் நூற்றாண்டு. கோயில் நிலத்தை அர்ச்சகர்கள் ஒற்றி வைத்துவிட்டார்கள். சுவாமிக்கு அமுதுபடி குறைந்து போயிற்று. ஒரு புண்ணியவான் நிலத்தை மீட்டுக் கொடுத்தான். செய்தி இவ்வளவுதான். இதைச் சொல்லும்போது, ‘சென்னை எவ்வளவு பழமையானது பாருங்கள்’ என்று முடித்துவிடுகிறார்கள். பழமை கிடக்கட்டும். ஆயிரத்து இருநூறு வருஷத்துக்கு முன்பும் திருவல்லிக்கேணியில் அடகு இருந்திருக்கிறது, ஊருக்குத் தெரியாமல் வைத்திருக்கிறார்கள் அல்லது தெரிந்தே வைத்திருக்கிறார்கள், மீட்க ஒருவன் வரவேண்டியிருந்திருக்கிறது. கதை அங்கேயல்லவா இருக்கிறது?

ஐகோர்ட்டுக்கு அழைத்துப் போகும் நடைப் பயணங்கள் அநேகம். அது 1892-இல் திறக்கப்பட்டது, பிராசிங்டன் தொடங்கி இர்வின் முடித்தார், இந்தோ-சாரசெனிக் பாணி, கோபுரத்தின்மேல் கலங்கரை விளக்கம் இருந்தது என்றெல்லாம் சொல்வார்கள். எல்லாம் சரியே. அந்தக் கட்டடம் நிற்கிற மண்ணில் அதற்கு முன் என்ன இருந்தது? வீடுகள் இருந்தன. கோட்டைக்கு வெளியே துணி வியாபாரத்தை நம்பி வந்து குடியேறிய நம்மவர்களின் பழைய கறுப்பர் நகரம் அங்கேதான் இருந்தது. 1746-இல் கோட்டையைப் பிரெஞ்சுக்காரர்கள் பிடித்தார்கள். 1749-இல் அது திரும்ப இங்கிலீஷ்காரர்கள் கைக்கு வந்தது. கோட்டைச் சுவருக்குப் பக்கத்தில் வீடுகள் இருந்தால் எதிரி மறைந்து நின்று சுடுவான் என்பது யுத்த சாஸ்திரம். இரண்டு தரப்பாரும் மாற்றி மாற்றி இடித்தார்கள். 1757-இல் சென்னகேசவப் பெருமாள் கோயிலும் போயிற்று. பின்னால் வேறிடத்தில் நிலம் கொடுத்தார்கள். மணலி முத்துகிருஷ்ண முதலியார் முதலானவர்கள் பணம் போட்டுக் கட்டியதுதான் இன்று பூக்கடைப் பக்கம் இருக்கும் பட்டணம் கோயில். இடித்த நிலத்தில் இனி யாரும் வீடு கட்டக்கூடாது என்று எல்லை காட்ட 1773-இல் ஆறு தூண்கள் நட்டார்கள். அவற்றில் ஒன்று மட்டும் பாரிமுனையில் இன்னும் நிற்கிறது.

நான் போன நடைகளில் ஒன்றே ஒன்றுதான் அந்தத் தூணின் அருகில் பத்து நிமிஷம் நின்றது. அன்று பேசியவர் தமிழில் பேசினார். அதிகம் படித்தவர் போலத் தோன்றவில்லை. ஆனால் அவர் தூணைக் காட்டி, ‘இதுக்கு இந்தப் பக்கம் வீடு, அந்தப் பக்கம் வெளி’ என்று கையை நீட்டியபோது, கூட்டம் அந்த வெளியைப் பார்த்தது. மற்ற நடைகளில் கூட்டம் மணிக்கூண்டைத்தான் பார்க்கும்.

வேறொரு நடை, சிந்தாதிரிப்பேட்டையில். கம்பெனிக்குத் துணி நெய்ய 1734-இல் சுங்குராமச் செட்டியின் தோட்டத்தை எடுத்துக்கொண்டு நெசவாளரைக் குடியேற்றிய பேட்டை அது. சின்னத் தறிப்பேட்டை என்பதுதான் சிந்தாதிரிப்பேட்டையாயிற்று என்கிறார்கள். முப்பது பேர் ஒரு குறுகலான தெருவில் நின்று மேலே ஒரு மரத்தாழ்வாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தோம். எதிரே டீக்கடைக்காரர் எங்களைக் கொஞ்ச நேரம் கவனித்தார். பிறகு கூட்டத்தின் ஓரத்தில் நின்ற என்னிடம் மெதுவாக வந்து கேட்டார்: “இன்னா சார், அளக்க வந்திருக்கீங்களா? ரோடு அகலம் பண்ணப் போறாங்கன்னு சொல்லிக்கினு இருந்தாங்களே?”

இல்லை, பழைய தெருவைப் பார்க்க வந்திருக்கிறோம் என்றேன். அவருக்கு மூச்சு வந்தது. “அப்ப இடிக்க மாட்டாங்க” என்று தனக்குள் சொல்லிக்கொண்டார். பிறகு தாமாகவே, அந்த வீட்டில் யார் யார் இருந்தார்கள், எந்தத் திண்ணையை எப்போது எடுத்தார்கள், கிணறு எங்கே இருந்தது என்று சொல்ல ஆரம்பித்தார். எங்கள் வழிகாட்டி, “நேரமாகிவிட்டது, அடுத்த இடம்” என்று இங்கிலீஷில் கூப்பிட்டார். கூட்டம் போய்விட்டது. நான் ஒரு டீ குடித்துவிட்டுக் கிணறு வரைக்கும் கேட்டுக்கொண்டு ஓடிப்போய்ச் சேர்ந்தேன்.

பார்க்க வருகிறவனும் அளக்க வருகிறவனும் தெருக்காரன் கண்ணுக்கு ஒன்றாகத் தெரிகிறார்கள் என்றால், தெருக்காரன்மேல் பழி போடுவது நியாயமில்லை. தன் தெருவைப் பற்றித் தன் பாஷையில் ஒரு வார்த்தையாவது அவன் காதில் விழவேண்டாமா? நல்ல பிரசங்கங்களில் பல நட்சத்திர ஹோட்டல்களில்தான் நடந்து வந்திருக்கின்றன. இலவசம்தான், ஆனால் வாசலில் நிற்கிற மீசைக்காரர் அதைச் சொல்வதில்லை. சமீப வருஷங்களில் தமிழ்ப் பேச்சும் தமிழ் நடையும் கூடியிருப்பதை மறுக்க மாட்டேன். இன்னும் அவை விருந்தில் பாயசம் மாதிரி கடைசியில் ஒரு கரண்டிதான்.

பிரசங்கம் முடிந்தபின் கேள்வி நேரம் என்று ஒன்று உண்டு. அதைப் பிரசங்கிகள் வெறுக்கிறார்கள். என் அபிப்பிராயத்தில் நிகழ்ச்சியின் உயர்ந்த பாதி அதுதான். பேச்சாளர் எம்டன் கப்பலைப் பற்றிப் பேசிவிட்டு உட்காருவார். 1914 செப்டம்பர் 22 இரவு, பர்மா எண்ணெய்க் கம்பெனியின் டாங்குகள் எரிந்தன, அரை மணி நேரத்தில் கப்பல் மறைந்துவிட்டது. இந்தக் கதையை நான் பத்துத் தடவையாவது கேட்டிருக்கிறேன். கப்பலின் படம் இருக்கிறது, கப்டனின் பெயர் இருக்கிறது, ஐகோர்ட்டுச் சுவரில் கல் இருக்கிறது. ‘அவன் பெரிய எம்டன்’ என்று சொல்கிற தமிழில் அந்தக் கப்பல் இன்னும் ஓடிக்கொண்டும் இருக்கிறது. பத்துப் பன்னிரண்டு வருஷத்துக்கு முன் அப்படி ஒரு கூட்டத்தில், பேச்சு முடிந்ததும் எண்பது தாண்டிய ஓர் அம்மாள் எழுந்தாள். அவள் கேள்வி கேட்கவில்லை. ஜப்பான்காரன் வருகிறான் என்று 1942 ஏப்ரலில் பட்டணமே காலியான சமயம் தன் வீட்டில் நடந்ததைச் சொன்னாள். பித்தளைப் பாத்திரங்களைக் கொல்லையில் புதைத்தார்கள். பசுவை என்ன செய்வதென்று தெரியவில்லை. பால்காரனிடமே ஒப்படைத்தார்கள். எழும்பூரில் ரெயில் ஏறும்போது பாட்டி மட்டும் வரமாட்டேன் என்று பிளாட்பாரத்தில் உட்கார்ந்துவிட்டாள்—

தலைவர் மணியை அடித்தார். “கேள்வி இருந்தால் மட்டும் கேளுங்கள், அம்மா.” அம்மாள் உட்கார்ந்துவிட்டாள். பாட்டி ரெயில் ஏறினாளா இல்லையா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. கூட்டம் முடிந்து வெளியே வந்து தேடினேன். அழைத்து வந்த பேரன் காரில் ஏற்றிப் போய்விட்டிருந்தான். அந்த அறையில் பேச்சைப் பதிவு செய்ய இரண்டு இயந்திரங்கள் மேடையைப் பார்த்தபடி இருந்தன. எம்டனைப் பதினோராவது தடவையும் கேட்கலாம். அந்தப் பாட்டியை இனி யாரிடம் கேட்பது?

இந்த விழாக்காரர்கள் ஒன்றுமே சாதிக்கவில்லை என்று நான் சொல்வதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். மவுண்ட் ரோட்டில் 1897-இல் எழுந்த பாரத் இன்ஷ்யூரன்ஸ் கட்டடத்தை 2006-இல் இடிக்கத் தொடங்கினார்கள். வழக்குப் போட்டுத் தடுத்தார்கள். 2010-இல் ஐகோர்ட்டு இடிக்கக்கூடாது என்று தீர்ப்புச் சொல்லிற்று. பழைய கட்டடத்தின்மேல் பிரியமுள்ள ஒரு கூட்டம் இந்த ஊரில் உருவாகியிருந்ததால்தான் அது நடந்தது. ஆனால் கோர்ட்டுக்குப் போகச் சிலர் போதும். ஒரு தெருவைக் காப்பாற்ற அந்தத் தெருக்காரர்கள் வேண்டும்.

இதை நான் சென்னையில் கற்றுக்கொள்ளவில்லை, மதுரையில் கற்றுக்கொண்டேன். அங்கே 2010-இல் யானைமலையைச் சிற்ப நகரமாக்குகிறோம் என்று ஒரு திட்டம் வந்தபோது மலையடிவாரத்து நரசிங்கம் கிராமத்தார் எதிர்த்தார்கள். அந்தச் சமயத்தில் கிளம்பியதுதான் ‘பசுமை நடை’. மாதம் ஒரு ஞாயிறு, விடியற்காலையில் ஒரு மலைக்கோ கோயிலுக்கோ போகிறார்கள். கீழக்குயில்குடியில் அய்யனார் கோயிலையும் தாமரைக் குளத்தையும் தாண்டிச் சமணமலை ஏறினால், பேச்சிப்பள்ளத்தில் வரிசையாகத் தீர்த்தங்கரர்கள், கீழே வட்டெழுத்து. தொல்லியல் அறிந்த பெரியவர் ஒருவர் பாறையில் உட்கார்ந்து தமிழில் சொல்கிறார். ஊர்க்காரரும் நின்று கேட்கலாம். அவர்களுடைய பேச்சியம்மனைப் பற்றி இடையில் ஒரு வார்த்தை சொல்லவும் சொல்லலாம். மணி அடிக்க ஆளில்லை. காமிராக்கள் அங்கேயும் உண்டு, செருப்பைக் கழற்றாத பிரகிருதிகளும் உண்டு. சொர்க்கம் என்று சொல்ல வரவில்லை.

மேலூர்ப் பக்கம் அரிட்டாபட்டியில் இதன் பலனைப் பார்க்கலாம். தமிழ்பிராமிக் கல்வெட்டும், தீர்த்தங்கரர் சிற்பமும், பாண்டியர் குடைவரையும் உள்ள ஊர். 2022-இல் அதைப் பல்லுயிர்ப் பாரம்பரிய ஸ்தலமாகத் தமிழக அரசாங்கம் அறிவித்தது. 2024 நவம்பரில் அந்த வட்டாரத்தில் டங்ஸ்டன் எடுக்க மத்திய அரசு ஏலம் விட்ட செய்தி வந்தது. கிராமங்கள் திரண்டு எழுந்தன. 2025 ஜனவரியில் ஏலம் ரத்தாயிற்று. நிலமும் தண்ணீரும் போய்விடும் என்ற பயம்தான் அவர்களை எழுப்பியது, கல்வெட்டு அல்ல. வாஸ்தவம். ஆனால், ‘எங்கள் மலையில் இரண்டாயிரம் வருஷத்து எழுத்து இருக்கிறது’ என்று சொல்ல அந்த ஊர் ஜனங்களுக்குத் தெரிந்திருந்தது. ஆடு மேய்க்கிறவர் சொல்கிறார். எந்தப் பாறையில் என்று கையும் காட்டுகிறார். சிந்தாதிரிப்பேட்டை டீக்கடைக்காரருக்குத் தம் தெரு 1734-இல் பிறந்தது என்று இத்தனை ஆகஸ்டு மாதங்களில் ஒருவரும் சொல்லவில்லை. அவருக்குத் தெரிந்த கிணற்றையும் ஒருவரும் எழுதிக்கொள்ளவில்லை.

வருகிற ஆகஸ்டில் நடை நடத்துகிறவர்களிடம் நான் கேட்பது பெரிய விஷயமல்ல. பத்து இடம் காட்டுவதற்குப் பதில் மூன்று இடம் காட்டுங்கள். ஒலிப்பதிவு இயந்திரத்தில் ஒன்றையாவது மேடையிலிருந்து திருப்பி நாற்காலிகளைப் பார்த்து வையுங்கள். அந்தத் தூணைப் பார்க்க ஆசைப்படுகிற வாசகர்களுக்கு: பாரிமுனையில் டேர் ஹவுஸ் கட்டடத்தை ஒட்டி, என்.எஸ்.சி. போஸ் ரோட்டுப் பக்கம் நிற்கிறது. ஞாயிற்றுக்கிழமை காலையில் போனால் கூட்டம் குறைவாக இருக்கும், நின்று பார்க்கலாம்.