கட்டிப்பிடிக்கிறவரை எப்படி அடிப்பது? டைசன் – ஸ்மித், 1987

டைசன்னு சொன்னாலே எல்லாருக்கும் நினைவுக்கு வருவது முதல் ரவுண்டு நாக் அவுட்கள்தான். அவரை நிஜமாகவே புரிந்துகொள்ள நான் திரும்பத் திரும்பப் பார்ப்பது ஒரு அறுவையான சண்டையை. 1987 மார்ச் 7, லாஸ் வேகாஸ் ஹில்டன். எதிரில் 'போன்க்ரஷர்' ஜேம்ஸ் ஸ்மித்.

டைசனுக்கு அப்போது வயது 20. 28 சண்டை, 28 வெற்றி, அதில் 26 நாக் அவுட். முந்தைய நவம்பரில்தான் பெர்பிக்கைச் சாய்த்து டபிள்யூபிசி பட்டம் வாங்கியிருந்தார். ஸ்மித்தும் லேசுப்பட்டவர் இல்லை. டிசம்பரில் டிம் விதர்ஸ்பூனை முதல் ரவுண்டிலேயே முடித்து டபிள்யூபிஏ பட்டம் எடுத்தவர். வலது கை இடி மாதிரி. ஆனா அன்றைக்கு அந்தக் கையை வைத்து அவர் செய்த வேலை, டைசனைக் கட்டிப்பிடித்தது!

12 ரவுண்டும் அதே கதை. டைசன் உள்ளே வருவார், ஸ்மித் பிடிப்பார், நடுவர் மில்ஸ் லேன் பிரிப்பார். பிடித்துக்கொண்டே இருந்ததற்காக ஸ்மித்துக்கு இரண்டு புள்ளி போனது. இரண்டு நீதிபதிகள் 120-106, மூன்றாமவர் 119-107. அதாவது ஒரே ஒரு நீதிபதி, ஒரே ஒரு ரவுண்டைத்தான் ஸ்மித்துக்குக் கொடுத்தார்.

ஸ்மித் ஜெயிக்க வரவில்லை, விழாமல் இருக்க வந்தார் என்பது வழக்கமான விமர்சனம். சரிதான். ஆனா அதோடு நிறுத்தினால் பாதிதான் பார்த்தோம்.

முதலில் டைசனின் பலம். பொறுமை இழக்கவில்லை. தலையை அசைத்து அசைத்து உள்ளே போவதை ஒரு ரவுண்டில்கூட விடவில்லை. தன்னைவிட அரை அடி உயரமானவரைப் பின்வாங்கியே நிற்க வைத்தார். 20 வயதில் இது பெரிய விஷயம்.

குறை எங்கே? பிடிக்குள் போனதும் டைசன் நின்றுவிடுகிறார். ஒரு கையை உருவி விலாவில் குத்துவது, தோளால் தள்ளி இடம் உண்டாக்குவது, ஒரு எட்டு பக்கவாட்டில் வைப்பது, இதெல்லாம் அங்கங்கே தலைகாட்டுகிறது, தொடர்ந்து வரவில்லை. பெரும்பாலும் நடுவர் வந்து பிரிக்கட்டும் என்று காத்திருக்கிறார். இன்னொன்று, ஒவ்வொரு முறையும் நேர்க்கோட்டில்தான் பாய்கிறார். பிடிக்க நினைப்பவருக்கு அதைவிட வசதி வேறென்ன வேண்டும்?

கடைசி ரவுண்டின் கடைசி நொடிகளில் ஸ்மித் ஒரு வலது கையை இறக்கினார், டைசன் ஆடினார். மணி அடித்துவிட்டது. இதை ஏன்யா முன்னாடியே அடிக்கலைன்னு கத்தத் தோன்றும்.

1990இல் டோக்கியோவில் பஸ்டர் டக்ளஸ் தூரத்தில் ஜாப் போட்டார், டைசன் நெருங்கினால் பிடித்தார். 1996இல் ஹோலிஃபீல்ட் பிடித்ததோடு நிற்காமல் பின்னுக்கும் தள்ளினார். ஸ்மித் கேட்டது பாதிக் கேள்விதான்: பிடித்தால் என்ன செய்வாய்? மீதிப் பாதியை, அதாவது பிடிவிட்டதும் திருப்பி அடிப்பதை, இவங்க ரெண்டு பேரும் சேர்த்துக் கேட்டார்கள்.

மதிப்பெண் போடச் சொன்னால், வெற்றிக்கு முழு மார்க் போடுவேன், பாடம் கற்றதற்குப் பாதிதான். ஸ்கோர்கார்டு அவ்வளவு சுத்தமாக இருந்ததே ஒரு சாபமோ என்று தோன்றுகிறது. எல்லா ரவுண்டும் ஜெயித்தவரிடம் போய், உனக்கு இது வரவில்லை என்று யார் சொல்வார்கள்?